ஏலக்காய்க் கடைத் தம்பிக்கு: முதல் பிட்காயின் வாலட் எது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர், மாதம் 2,000 ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கி எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்க உதவும் நிறுவனம்) செயலியிலேயே விட்டு வைத்திருக்கிறார். இதுவரை ஏறத்தாழ 40,000 ரூபாய் போட்டிருக்கிறார். அதைச் சொந்த வாலட்டுக்கு மாற்றிவிடு என்று நண்பர் சொல்கிறார். எந்த வாலட் நல்லது, லெட்ஜர் போன்ற தனி வாலட் கருவி வாங்கியே ஆக வேண்டுமா, துபாயில் இருக்கும் மைத்துனர் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் கிரிப்டோ காயின்) அனுப்பினால் அதே வாலட்டில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், மனைவி மலையாளப் பள்ளியில் படித்தவர்.

தம்பி, முதலில் நேரடிப் பதில். பிட்காயின் மட்டும்தான் என்றால் போனில் ப்ளூவாலட் போதும். கருவி இப்போதைக்கு வேண்டாம். யுஎஸ்டிடி வேண்டவே வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். எந்த வாலட்டைத் தேர்ந்தெடுத்தாலும், அதில் பணம் போடும் முன்பு ஒருமுறை அதை அழித்துவிட்டு மீட்டுப் பார்க்க வேண்டும். அப்பாவையும் மனைவியையும் பற்றி எழுதிய அந்த வரி, எந்த நிறுவனத்தின் வாலட் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

வாலட் என்ற பெயரைக் கேட்டதும் காயின் அதற்குள் இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு பிட்காயின் என்ற கணக்கு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் வாலட்டில் இருப்பது அந்த முகவரியிலிருந்து செலவு செய்ய ஒப்புதல் தரும் ரகசியச் சாவி மட்டும்தான். போனை அணைத்து வைத்திருந்தாலும், மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும், காயின் உங்கள் முகவரிக்கு வந்து சேர்ந்துவிடும். போன் தொலைந்தாலும் காயின் தொலையாது. சாவி தொலைந்தால்தான் தொலையும்.

இப்போது உங்கள் காயின் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது என்றால் சாவி அவர்களிடம் இருக்கிறது என்று பொருள். செயலியில் நீங்கள் பார்க்கும் தொகை, அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. ஏலக்காயை வியாபாரியின் கிடங்கில் போட்டுவிட்டுச் சீட்டோடு வீடு திரும்புகிற விவசாயியின் நிலை இது. வியாபாரி நாணயமானவராக இருக்கும் வரை சீட்டும் சரக்கும் ஒன்றுதான்.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. காயினை வெளியே எடுப்பது நிறுத்தப்பட்டது. வர்த்தகம் மீண்டும் தொடங்க 2025 அக்டோபர் ஆகிவிட்டது. அதில் சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளரின் வழக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவரிடம் எக்ஸ்ஆர்பி என்ற வேறொரு வகைக் காயின்கள் 3,532.30 இருந்தன. திருடுபோனவை ஈதரியம் என்ற மற்றொரு வலைப்பின்னலில் ஓடும் டோக்கன்கள். இவருடைய எக்ஸ்ஆர்பிக்கும் திருட்டுக்கும் தொடர்பே இல்லை. இருந்தும் கணக்கு முடங்கியது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோகரன்சி என்பது சொத்துதான், அதை ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் தன்னுடையதைத் தன்னுடையது என்று சொல்ல அவர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இதைச் சொன்னதும் எல்லாவற்றையும் இன்றே வெளியே எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். “சாவி உன்னிடம் இல்லையென்றால் காயின் உன்னுடையது இல்லை” என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. எக்ஸ்சேஞ்சில் கடவுச்சொல் மறந்தால் ஆதாரும் பான் கார்டும் காட்டி மீண்டும் உள்ளே போகலாம். சொந்த வாலட்டில் சாவி போனால் முறையிட யாரும் இல்லை. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் கதை உலகறிந்தது. ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-ல் நியூபோர்ட் நகரின் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. பல ஆண்டுகள் நகராட்சியோடு போராடியும் கிடங்கைத் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு நடுவழி. எவ்வளவு தொகை முடங்கினால் உங்கள் வீட்டில் சண்டை வருமோ, அந்த அளவு சேர்ந்ததும் வெளியே எடுங்கள். மாதாமாதம் 2,000 ரூபாயை வெளியே எடுப்பது வீண் செலவு. எக்ஸ்சேஞ்ச்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஒரு நிலையான தொகையைக் கட்டணமாகப் பிடிக்கும். சிறு தொகையில் அது பெரிய விழுக்காடு. இன்னொன்றும் உண்டு. பிட்காயினில் அனுப்பும் கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல, பரிவர்த்தனையின் தரவு அளவைப் பொறுத்தது. சில்லறையாக 20 முறை வாலட்டுக்கு வந்த காயினை ஒரே தவணையில் செலவிடும்போது அந்த 20 துண்டுகளையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருப்பதால் கட்டணம் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். அதற்கு முன் உங்கள் எக்ஸ்சேஞ்ச் வெளியே எடுக்க விடுகிறதா என்று பாருங்கள். சில இந்தியச் செயலிகள் ரூபாயாக மட்டுமே எடுக்க விடுகின்றன. சிலவற்றில் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அப்படி விடாத செயலியில் தொடர்ந்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி வாலட். ப்ளூவாலட்டைச் சொல்வதற்குக் காரணம், அது பிட்காயினுக்கு மட்டுமே ஆனது, மூல நிரல் திறந்தது, தொடங்கும்போது 12 சொற்களைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கணினியில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எலக்ட்ரம் பயன்படுத்துகிறார்கள். 2011 முதல் இருக்கும் பழைய கை அது. ஆனால் அது இயல்பாகத் தரும் சொற்கள் தனி முறையைச் சேர்ந்தவை, மற்ற வாலட்டுகளில் போட்டால் பெரும்பாலும் திறக்காது. மெட்டாமாஸ்க் என்ற வாலட் முதன்மையாக ஈதரியத்தின் உலகத்துக்கானது. டிரஸ்ட் வாலட் பல வகைக் காயின்களையும் தாங்கும். அத்தனை பட்டன்கள் உங்களுக்குத் தேவையில்லை. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் அந்தத் தேவையில்லாத பட்டன்களில்தான்.

எதுவானாலும் ஆப் கடையில் தேடிப் பிடிக்காமல், அந்த வாலட்டின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும் இணைப்பின் வழியே இறக்குங்கள். ஒரே பெயரில், ஒரே படத்தோடு போலிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

இப்போது அந்த 12 சொற்கள். இங்கேதான் நீங்கள் நேரம் செலவிட வேண்டும்.

2013-ல் வகுக்கப்பட்ட பிப் 39 என்ற முறைப்படி, 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலட் தேர்ந்து தருகிறது. ஸ்பானிஷ், ஜப்பானியம், கொரியம் முதலிய சில மொழிகளுக்கும் பட்டியல் உண்டு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இல்லை. இந்தச் சொற்களிலிருந்துதான் உங்கள் சாவிகள் எல்லாம் பிறக்கின்றன. சொற்கள் கையில் இருந்தால் போன் உடைந்தாலும், ப்ளூவாலட் நிறுவனமே மூடப்பட்டாலும், அதே முறையை ஏற்கும் வேறு வாலட்டில் போட்டுக் காயினை மீட்கலாம். சொற்களைப் பார்த்தவர் எவரும் அதே போல எடுத்துக்கொண்டும் போகலாம்.

உங்கள் வீட்டின் மொழி நிலவரம் இங்கேதான் வந்து நிற்கிறது. அப்பாவுக்குப் புரியட்டும் என்று சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். ‘பீஸ்’ என்று எழுதினால் அது அமைதியா, துண்டா? இரண்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன, எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. மனைவி மலையாள எழுத்தில் எழுதினாலும் இதே சிக்கல்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணிட்டு எழுதுங்கள். பக்கத்தில், 2,048 சொற்களின் பட்டியலில் அந்தச் சொல் எத்தனையாவது என்ற எண்ணையும் குறித்து வையுங்கள். எண்கள் எல்லா மொழிக்காரருக்கும் பொது. கையெழுத்து மங்கினாலும் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம். பட்டியலை முன்பே இறக்கி, இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பார்த்து எழுதுங்கள். எந்த இணையப் பக்கத்திலும் உங்கள் சொற்களைத் தட்டித் தேடாதீர்கள்.

போனில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வது, மின்னஞ்சல் வரைவில் போட்டு வைப்பது எதுவும் கூடாது. படங்கள் தாமாகவே கிளவுடுக்குப் போய்விடுகின்றன. 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைக் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த செயலிகளுக்குள் ஒளிந்துகொண்டு, போனில் உள்ள படங்களில் எழுத்துகளைப் படித்து வாலட் சொற்களைத் தேடி எடுக்கும் வேலையை அது செய்தது. போனைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது திறக்கும் பின் எண்ணையும் சொல்லிவிட்டு வருவது நம் ஊர்களில் சாதாரணம். வாலட் இருக்கும் போனில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாலட்டை நீக்கிவிட்டுக் கொடுங்கள், திரும்பி வந்ததும் சொற்களைக் கொண்டு மீட்டுக்கொள்ளலாம்.

காகிதம் என்றால் இடுக்கி மழையை நினைவில் வையுங்கள். ஜூனில் தொடங்கினால் பீரோவுக்குள் இருக்கும் துணியே பூசணம் பிடிக்கிற ஊர். இங்க் பேனா எழுத்து ஊறிப் பரவும், பில் அச்சடிக்கும் தாள் ஒரே ஆண்டில் வெளுத்துவிடும். நல்ல தாளில் பென்சிலால் அழுத்தி எழுதி, காற்றுப் புகாத பையில் போடுங்கள். லேமினேட் செய்யலாம் என்று அக்ஷயா மையத்துக்கோ நகல் கடைக்கோ கொண்டுபோனால், கவுண்டரில் இருப்பவரும் படிப்பார். தொகை பெரிதாகும்போது எவர்சில்வர் தகட்டில் பொறித்து வைப்பது நல்லது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள்! இரும்புக் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் கிடைக்கும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்துகளை அடித்தால் போதும். அந்த நான்கைக் கொண்டே எந்தச் சொல் என்று தீர்மானிக்கும்படிதான் ஆங்கிலப் பட்டியல் அமைந்திருக்கிறது.

இந்தத் தாளுக்கு இரண்டு பிரதிகள் வேண்டும், இரண்டு இடங்களில். ஒன்று குமுளியில், மற்றொன்று மலைக்குக் கீழே கம்பத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ. பாதிச் சொற்களை ஓரிடத்திலும் மீதியை வேறிடத்திலும் வைக்கும் யோசனை பலருக்கும் வரும். இரண்டில் எது தொலைந்தாலும் எல்லாமே போய்விடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தாளோடு தனியாக ஒரு கடிதம் வையுங்கள், தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று: இது எதற்கான தாள், வாலட்டின் பெயர் என்ன, எந்த எக்ஸ்சேஞ்சில் கணக்கு இருக்கிறது, யாரிடம் உதவி கேட்க வேண்டும், யார் கேட்டாலும் இந்தச் சொற்களைச் சொல்லக் கூடாது. கடிதத்தில் சொற்கள் இருக்கக் கூடாது. கே.எஸ்.எஃப்.இ. (கேரள அரசின் சீட்டு நிறுவனம்) சீட்டுப் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இந்தத் தாள் எங்கே என்பதும் குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து ஒத்திகை. புதிய வாலட்டில் முதலில் எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையை மட்டும் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் செயலியைப் போனிலிருந்து நீக்குங்கள். மீண்டும் நிறுவி, தாளைப் பார்த்து 12 சொற்களையும் தட்டுங்கள். பழைய தொகையும் பரிவர்த்தனையும் தெரிந்தால் தாள் சரி. தெரியாவிட்டால் இழப்பு சில நூறு ரூபாயோடு முடிந்தது. கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருப்பதால் தவறாக எழுதிய வரிசையை வாலட் பெரும்பாலும் ஏற்காது. ஆனால் 12 சொல் முறையில் 16-ல் ஒரு தவறான வரிசை சரிபார்ப்பைத் தாண்டி, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டிவிடும். அப்படி நேர்ந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறாமல் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். இந்த ஒத்திகையை ஒருமுறை மனைவியின் கையால் செய்ய வைப்பது இன்னும் நல்லது.

முகவரியைக் கையால் தட்டாதீர்கள். கியூஆர் கோடு அல்லது நகல் எடுத்து ஒட்டுவது. ஒட்டிய பின் முதல் ஆறு எழுத்துகளையும் கடைசி ஆறையும் ஒப்பிடுவது. நகலெடுத்த முகவரியைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்கள் இருக்கின்றன. ப்ளூவாலட் ஒவ்வொரு முறையும் புதிய பெறும் முகவரியைக் காட்டும். பழையது செல்லாமல் போகவில்லை, இரண்டும் உங்களுடையவைதான்.

லெட்ஜர், டிரெசர் போன்ற கருவிகள் சாவியை இணையத்தைத் தொடாத தனிச் சில்லில் வைத்து, ஒப்புதலை மட்டும் வெளியே அனுப்புகின்றன. செக் நாட்டின் டிரெசர் 2014-ல் வந்தது; லெட்ஜர் பிரான்ஸ் நாட்டுடையது; நம் நாட்டிலிருந்து சைஃப்பராக் இருக்கிறது. நல்ல பொருட்கள்தான். ஆனால் 40,000 ரூபாய்க்கு அதில் கணிசமான பங்கைக் கருவிக்கே கொடுப்பதில் எனக்குக் கணக்கு உதைக்கிறது. போனில் இருப்பது தொலைந்தால் தூக்கம் போகும் என்ற அளவுக்கு வளரட்டும், அப்போது வாங்கலாம். வாங்கும்போது தயாரிப்பாளரின் தளத்தில் வாங்குங்கள், பழையதை யாரிடமும் வாங்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே சொற்கள் எழுதிய அட்டை வந்தால் அது மோசடி. கருவி உங்கள் கண்முன் உருவாக்கும் சொற்கள்தான் சொற்கள். வீட்டுப் பெயரும் அஞ்சலகமும் எழுதிய முகவரிக்கு வரவழைக்காமல் கடை முகவரியைக் கொடுங்கள். 2020-ல் லெட்ஜரின் விற்பனைப் பட்டியல் கசிந்து 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. பின்னர் பலருக்குப் போலிக் கடிதங்களும், சிலருக்குப் போலிக் கருவிகளும் அஞ்சலில் வந்தன.

கருவி இருப்பதே காப்பு என்றும் எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதரியம் போனது. ஒப்புதல் கொடுத்தவர்களின் திரையில் தெரிந்தது ஒன்று, அவர்கள் உண்மையில் ஒப்புதல் கொடுத்தது வேறொன்று. கருவியின் சிறு திரையில் வரும் முகவரியையும் தொகையையும் படிக்காமல் பட்டனை அழுத்துகிறவருக்கு அதனால் பயன் குறைவு.

சொந்த வாலட்டுக்கு வாடிக்கையாளர் சேவை எண் கிடையாது. இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும். கூகுளில் தேடி எடுத்த எண்ணோ, டெலிகிராமில் தானாக வந்து உதவுகிறேன் என்பவரோ, “சரிபார்க்க” 12 சொற்களைக் கேட்கும் படிவமோ, எல்லாம் ஒரே கூட்டம். வாலட் அமைத்துத் தருகிறேன், தினம் வட்டி விழும் என்று வீடு தேடி வருகிறவர்களும் அவர்களே. மோரிஸ் காயின் என்ற பெயரில் கேரளத்தில் ஏறத்தாழ 1,200 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக எழுந்த வழக்கில் அமலாக்கத்துறை சொத்துகளை முடக்கியது நினைவிருக்கும். பிட்காயின் வாலட் வட்டி தராது. ஏமாந்துவிட்டால் அன்றே 1930 எண்ணில் புகார் சொல்லுங்கள். பணம் இன்னும் வங்கிக்குள் இருந்தால் நிறுத்த வாய்ப்பு உண்டு.

வரி பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை அல்ல, அதற்கு வரி இல்லை. விற்கும்போது லாபத்தில் 30 விழுக்காடும் அதன் மேல் செஸ்ஸும். 2022 ஏப்ரல் முதல் இதுதான் நிலை. ஒரு காயினில் வந்த நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர், சொல்லவே வேண்டாம்: எந்த நாள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற அறிக்கையை எக்ஸ்சேஞ்சிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் காயினை வெளியே எடுக்க வேண்டும். வாலட்டுக்கு வாங்கிய விலை தெரியாது.

கடைசியாகத் துபாய் மைத்துனர். ப்ளூவாலட்டில் யுஎஸ்டிடி வாங்கவே முடியாது. அது வேறு வலைப்பின்னல்களில் ஓடும் டோக்கன். டிரான் என்ற வலைப்பின்னலில் ஒரு முகவரி, ஈதரியத்தில் வேறு முகவரி, தவறான வலைப்பின்னலில் அனுப்பினால் மீட்பது பெரும்பாடு. வாங்கிய பிறகு அதை நகர்த்த கட்டணத்துக்காக டிரானில் அதன் சொந்தக் காயினான டிஆர்எக்ஸும் ஈதரியத்தில் ஈதரும் தனியே கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தொகை கண்ணில் தெரியும், அசையாது. இவற்றையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் யுஎஸ்டிடியை ரூபாயாக மாற்ற முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்று, அவர் உங்கள் வங்கிக் கணக்கில் போடும் பணம் வேறெங்கோ நடந்த மோசடியின் பணமாக இருந்தால், முடங்குவது உங்கள் கணக்கு. 2023-ல் யுபிஐ வழியே பணம் வாங்கிய கேரளச் சிறு வியாபாரிகளின் கணக்குகள்கூட வேறு மாநிலக் காவல்துறையின் கோரிக்கையால் முடக்கப்பட்டன. ஏலக்காய்க் கடைச் சம்பளம் வரும் அதே கணக்கு என்றால் யோசித்துப் பாருங்கள். மைத்துனரிடம் வங்கி வழியாகவோ பண மாற்று நிறுவனம் வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும், கேட்டால் காட்ட ரசீது இருக்கும்.